கணக்கில் ஏறாத சாவுகள்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் வேலை முடிந்ததும் பெண்கள் சாலையோரமாக நடந்தும், ஆடவர் மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் சுற்றுக் கிராமங்களுக்குத் திரும்புகின்றனர். அதே நேரத்தில்தான் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கின்றி ஊர்ந்து செல்லும். அறுவடைக் காலமாயின் சாலையின் ஒரு பாதியில் நெல்லும் உளுந்தும் காயும். மறு பாதியில் பேருந்தும் லாரியும் முந்தும். நடப்பவருக்கு எஞ்சுவது ஓரத்துக் கருவேல முள்ளே. கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்துக்குக் கால்நடையாகச் செல்லும் திருப்பயணிகளும் இத்தகைய சாலைகளையே நம்புகின்றனர்.

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் மாண்டனர். குடும்பத் தலைவனை இழந்த இல்லம் எத்தகைய நிலைக்கு ஆளாகும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

சாலைக்குப் பணமே இல்லை என்பது பொருந்தாது. பெட்ரோல், டீசல் மீது விதிக்கப்படும் வரியிலிருந்து சாலைகளுக்கு ஒதுக்க மத்திய சாலை நிதிச் சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிற்று. சேற்றில் புதைந்த ஊர்களுக்குத் தார்ச்சாலை கிடைத்தது. நன்றியோடு ஏற்கிறோம். ஆனால் தாரோடு வேகமும் வந்தது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து ஏறத்தாழ நான்கு கூடும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பாதுகாப்புக்கான நிதி எங்குச் செல்கிறது? தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் தூரத்துக்குள், மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ விளைந்த 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள் நேர்ந்திருந்தால் அவ்விடம் ‘கரும்புள்ளி’ எனக் குறிக்கப்படும். திருத்தப் பணியும் நடைபெறும். நல்ல ஏற்பாடே. ஆயினும் கிராமச் சாலையில் இவ்வாண்டு ஒருவர் ஏரிக்கரை வளைவில், மறு ஆண்டு ஒருவர் வாய்க்கால் பாலத்தில் எனச் சிதறி மாள்கின்றனர். இக்கணக்கில் அவர்கள் ஏறுவதில்லை. பத்துப் பேர் சாகும்வரை ஒரு வளைவு காத்திருக்க வேண்டுமா என்பதே நம் வினா.

அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கில் சிக்குவோம் என்ற அச்சம் இன்னும் நம்மிடையே உண்டு. எரிகோ வழியில் உதவிய சமாரியரை எவரும் சாட்சிக் கூண்டுக்கு இழுக்கவில்லை! 2016இல் உச்ச நீதிமன்றமும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. பெயரைக்கூடச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது.

பங்குகள் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. நம் அடக்கப் பதிவேட்டில் சாவின் காரணம் எழுதும் வழக்கம் இருக்கிறது. ‘விபத்து’ என்று முடித்துவிடாமல், எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர்க் கல், எந்நேரம் என்பதையும் எழுதலாகாதா? பிற சமயத்துக் குடும்பங்களையும் கேட்டுச் சேர்த்தால் ஊரின் முழுக் கணக்கும் கிடைக்கும். அதனைக் கிராம சபையில் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பலாம். யாருடைய சாலை என்று அறியாமல் மனுக்கள் அலைவதுண்டு. கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சளாயின் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாயின் கிராமச் சாலை.