கிழவர் பாடிய தட்டு

பழைய இசைத்தட்டை மறுபடியும் வெளியிடுவதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று விடுதியில் நண்பன் ஒருவன் கேட்டான். தட்டைச் சுழலவிட்டு, வருகிற ஒலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? சார்ல்ஸ் ஐவ்ஸின் குரலைக் கேட்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

1874-இல் பிறந்த ஐவ்ஸ், நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் செய்து பிழைத்தவர். இசை அமைத்ததெல்லாம் மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும்தான். அவருடைய இசையை வாசிக்கப் பல்லாண்டுகள் ஆள் கிடைக்கவில்லை. 1943 ஏப்ரல் 24 அன்று, தமது 68-ஆம் வயதில், நியூயார்க்கில் ஒரு சிறு ஒலிப்பதிவு நிலையத்தில் பியானோ முன் அமர்ந்து தம் படைப்புகளைத் தாமே வாசித்தார். ‘தே ஆர் தேர்’ என்ற போர்க்காலப் பாட்டைப் பாடவும் செய்தார். பாடினார் என்பதைவிடக் கத்தினார் என்பதே பொருத்தம்! குரல் உடைகிறது, மூச்சு வாங்குகிறது. ஆனால் உற்சாகம் குறையவில்லை. அச்சில் உள்ளபடி அவர் வாசிப்பதுமில்லை; ஒரே பகுதியை ஒவ்வொரு முறையும் மாற்றுகிறார். ஆகவே அவர் மனத்திலிருந்த இசைக்கு அச்சுப்பிரதியைவிட இத்தட்டே நெருங்கிய சாட்சி.

விற்பனைக்கல்லாத இத்தகைய பதிவுகளை அந்நாளில் உலோகம் அல்லது கண்ணாடித் தகட்டின்மேல் பூசிய மெல்லிய அரக்குப் பூச்சில் நேராகச் செதுக்கினார்கள். ஊசி ஓடும்போதெல்லாம் பள்ளம் தேயும். நாளாக ஆகப் பூச்சு சுருங்கி உரியும். எனவே முதலில் கழுவ வேண்டும். பிறகு பள்ளத்தின் அகலத்துக்கேற்ற ஊசியைத் தேட வேண்டும். வேகம் சிறிது பிசகினாலும் சுருதி ஏறும் அல்லது இறங்கும்.

அடுத்தது இரைச்சல். ‘டிக்’ என்ற கீறல் ஒலியை வெட்டி, முன்னும் பின்னும் உள்ள அலையைக் கொண்டு இடைவெளியை நிரப்பலாம். தொடர்ந்து வரும் ‘உஸ்’ ஒலிதான் தொல்லை. பியானோவின் மேல்சுரங்களும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. இரைச்சலை முழுதும் துடைத்தால் பியானோ கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பதுபோலாகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும் என்பது என் கட்சி.

இன்னொரு சிக்கல் நேரம். 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நாலரை நிமிடம்தான் அடங்கும். 1924 ஜூன் 10-இல் பால் வொயிட்மன் குழுவுடன் கெர்ஷ்வின் தாமே பியானோ வாசித்துப் பதிந்த ‘ராப்சடி இன் ப்ளூ’, இரு பக்கங்களில் அடங்கும்படி ஏறத்தாழ 9 நிமிடமாக வெட்டப்பட்டது. வெட்டிய பகுதியை எந்தப் பொறியாளரும் மீட்க முடியாது. அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டப்படி, 2025 ஜனவரி 1 முதல் அப்பதிவு பொதுச்சொத்து.

கெர்ஷ்வினை வெளியிட ஆள் கிடைப்பார்கள். ஐவ்ஸின் தட்டுகளோ நூற்றாண்டு விழாவான 1974-இல்தான் கொலம்பியா தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றன. 1999-இல் சி.ஆர்.ஐ. என்ற நிறுவனம் அவற்றைக் குறுந்தகடாக்கியது. ஓட்டோ லூனிங், டக்ளஸ் மூர் முதலிய இசையமைப்பாளர்கள் 1954-இல் தொடங்கிய அந்நிறுவனம் 2003-இல் மூடப்பட்டது. அதன் பதிவுகளை நியூ வேர்ல்ட் நிறுவனம் ஏற்றுக்கொண்டு, ஐவ்ஸின் தகட்டை 2006-இல் மறுபடியும் வெளியிட்டது.

நண்பனுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கிழவர் மூச்சு வாங்கிய இடத்தில் சிரித்தான். பிறகு, “இன்னொரு தடவை போடு” என்றான்.