எழுபதுகளின் கலை நினைவுகளும் அரசு போட்ட பூட்டும்

புது தில்லி: எழுபதுகளின் ஹிந்தித் திரைப்படங்களுக்கும் பாடல்களுக்கும் இன்றும் மவுசு குறையவில்லை. ஆனால், அக்கால நினைவுகளைப் போற்றுவோர், மக்களின் ரசனை மீதே அரசு பூட்டுப் போட்டதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. ஏழு வாரங்களில், ஆகஸ்ட் 15-ல், "ஷோலே' வெளியானது. முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர், கொள்ளையன் கப்பர் சிங்கைக் கொல்வதாக இருந்த முடிவைத் தணிக்கையாளர்கள் ஏற்கவில்லை. அவனைப் போலீஸில் ஒப்படைப்பதாகக் காட்சி மாற்றப்பட்டது. 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜூனில் இத்தாலியின் போலோக்னா நகரில்தான் படம் அதன் பழைய முடிவுடன் திரையிடப்பட்டது.

எரிந்த படச்சுருள்

காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த அம்ரித் நஹாட்டாவின் "கிஸ்ஸா குர்ஸி கா' படத்துக்கு இந்த வாய்ப்பும் கிட்டவில்லை. ஆட்சியாளர்களைக் கிண்டல் செய்த அப்படத்தின் சுருள்கள் கைப்பற்றப்பட்டு அழிக்கப்பட்டன. அவை குர்காவ்னில் உள்ள மாருதி தொழிற்சாலையில் எரிக்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. சஞ்சய் காந்திக்கும் முன்னாள் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர் வி.சி. சுக்லாவுக்கும் 1979-ல் தில்லி நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. 1980-ல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. நஹாட்டா அதே கதையை மீண்டும் படமாக்க நேர்ந்தது.

அரசுக்கு ஒத்துழைக்க மறுத்த பாடகர் கிஷோர் குமாரின் குரல் 1976 மே மாதத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிறுத்தப்பட்டது. இவ்விரண்டும் அரசின் கையில் மட்டுமே இருந்ததால், ஒரு கலைஞரை வீட்டுக்கு வீடு மௌனமாக்க ஓர் உத்தரவே போதுமானதாக இருந்தது. பின்னாளில் ஷா கமிஷன் இதை விசாரித்துப் பதிவு செய்தது.

"பாபி'யும் பாபுஜியும்

தடை செய்வதற்கு மட்டுமன்றி, கூட்டத்தைக் கலைப்பதற்கும் சினிமா பயன்பட்டது. 1977 பிப்ரவரி 2-ல் மத்திய அமைச்சர் ஜகஜீவன் ராம் பதவி விலகினார். நான்கு நாள்களில் தில்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணுடன் அவர் பங்கேற்ற பொதுக்கூட்டம் நடைபெற்றது. அன்று மாலை தூர்தர்ஷன், ராஜ் கபூரின் வெற்றிப் படமான "பாபி'யை ஒளிபரப்பியது. மக்களை வீட்டிலேயே இருத்தி வைக்கும் உத்தி இது என்று பரவலாகக் கருதப்பட்டது. எனினும், மைதானம் நிரம்பி வழிந்தது. பாபுஜி என அழைக்கப்பட்ட ஜகஜீவன் ராம் "பாபி'யை வென்றுவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த மாதத் தேர்தலில் ரே பரேலியில் இந்திரா காந்தியே தோல்வியடைந்தார்.

முடியாத விவாதம்

வானொலி, தொலைக்காட்சியை அரசின் பிடியிலிருந்து விடுவிக்க, 1978-ல் பி.ஜி. வர்கீஸ் குழு பரிந்துரைத்தது. பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறியும், 1997-ல்தான் அந்த அமைப்பு செயல்படத் தொடங்கியது. தன்னாட்சி பெற்ற அமைப்பு எனப்படும் அது, நிதிக்கு இன்னமும் மத்திய அரசையே பெரிதும் சார்ந்துள்ளது. பழைய பாடல்களை ரசிப்போர், அவற்றை ஒலிக்கவும் நிறுத்தவும் ஆட்சியாளர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.