குளிர் மலையில் ஆப்பிரிக்க மீன்: முதலில் தண்ணீரைத் தயார் செய்வோம்

ஈப்போவுக்கு ஒரு வேலையாக இறங்கியவர், அங்கே மீன் கடையில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குஞ்சுகளைப் பார்க்கிறார். பிள்ளைகள் ஆசைப்படுவார்களே என்று ஆறேழு குஞ்சுகளைப் பையில் கட்டிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக மலையேறுகிறார். திரிங்காப் வீட்டில் அன்றைக்குத்தான் கழுவிக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய புதுத் தொட்டி காத்திருக்கிறது. முதல் நாள் மீன்கள் நன்றாக நீந்தும். மூன்றாம் நாள் மூலையில் ஒதுங்கும். வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். "நமக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டியைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துவிடுவோம்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மீன் பிறந்த தண்ணீர் வேறு, நம் மலைத் தண்ணீர் வேறு. அவ்வளவுதான்.

கடைகளில் 'ஆப்பிரிக்கன் சிக்லிட்' என்று விற்கப்படும் வண்ண மீன்களில் பெரும்பாலானவை மலாவி ஏரி வகைகள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 580 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்த ஏரியில் நூற்றுக்கணக்கான சிக்லிட் வகைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. கரையோரப் பாறை இடுக்குகளில் பாசியைச் சுரண்டித் தின்று வாழும் கூட்டத்துக்கு 'ம்புனா' என்று பெயர். அந்த ஊர் மொழியில் பாறை மீன் என்று பொருள். ஏரித் தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக, 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை இருக்கும். காரத்தன்மை கொண்டது, பிஎச் அளவு 8-ஐ ஒட்டி நிற்கும்.

நம் நிலைமை இதற்கு நேர் எதிர். கேமரன் மலை கருங்கல் மலை. அதில் வழிந்து வரும் மழைநீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அது மென்மையான நீர், கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்தது. இரவில் வீட்டுக்குள்ளேயே குளிர் நம்மை நடுக்கும்போது, தொட்டித் தண்ணீரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

குளிரைச் சமாளிப்பது எளிது. சமவெளியில் தேவைப்படாத ஹீட்டர் இங்கே கட்டாயம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். அதற்கு 150 வாட் ஹீட்டர் இரண்டு போடுவது நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும். தொட்டிக்கு மூடியும் வேண்டும். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரின் மின்இணைப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இன்னொன்று: இந்த அளவுத் தொட்டி கல்லும் மணலும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும். பழைய லயத்து வீடுகளின் பலகைத் தரையில் வைக்காதீர்கள்; சிமெண்டுத் தரைதான் சரி.

தண்ணீரின் தன்மையை மாற்ற விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. மீன் கடைகளில் 'கோரல் சிப்ஸ்' என்ற பவளத் துண்டுகள் கிடைக்கும். அவற்றை நன்றாகக் கழுவி, ஒரு வலைப்பையில் கட்டி, ஃபில்டருக்குள் வைத்தால் மெதுவாகக் கரைந்து காரத்தன்மையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கல் அடுக்க ஆற்றங்கரைக் கருங்கல்லை எடுத்தால் அது அலங்காரத்துக்கு மட்டுமே உதவும். சுண்ணாம்புக் கல் என்றால் தண்ணீருக்கும் உதவும். சிம்பாங் பூலாயைத் தாண்டும்போது தெரியும் வெள்ளை மலைகள் சுண்ணாம்புக் கல்தான். கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால் கல்மீது கொஞ்சம் வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. அப்படியும் பிஎச் ஏறவில்லையென்றால், மீன் விடுவதற்கு முன்பே 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைக்கலாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்ததுதான் பலரும் கோட்டை விடும் இடம். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்ற நச்சு உண்டாகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஹீட்டர் ஓட வேண்டும். காரத்தன்மை உள்ள நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மையும் அதிகம். சாதாரண மீன் தாங்கும் அளவை இங்கே சிக்லிட் தாங்காது. மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு ஃபில்டரை ஓட விடுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவரிடம் பழைய ஃபில்டர் பஞ்சு ஒன்று கேட்டு வாங்கி நம் ஃபில்டரில் வையுங்கள். காத்திருப்பு பெருமளவு குறையும். சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டிய பிறகே மீன்.

காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு ஒரு தனி எச்சரிக்கை. பூச்சிமருந்துகள் பல, மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே எமன். மருந்தடித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நேரத்தில் காற்றுப் பம்ப் இருக்கும் பக்கத்து சன்னலை மூடுங்கள். ஓடையிலிருந்து நேரடியாகக் குழாய் போட்டவர்கள், கனமழைக்குப் பிறகு கலங்கி வரும் தண்ணீரைத் தொட்டிக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. சுத்திகரித்த குழாய் நீர் என்றால் குளோரின் நீக்கி சேர்க்க வேண்டும்.

எந்த மீன்? முதல் தடவைக்கு 'எலெக்ட்ரிக் யெல்லோ' என்ற மஞ்சள் வகையே போதும் என்பேன். சாதுவானது, அழகானது. 'அவுராத்துஸ்', 'கென்யி' ஆகியவை குஞ்சில் கண்ணைப் பறிக்கும். வளர்ந்ததும் தொட்டியையே போர்க்களமாக்கும். இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் பலமுள்ளது மற்றதை அடித்தே கொன்றுவிடும். பத்துப் பன்னிரண்டாக இருந்தால் அடி பலருக்கும் பிரிந்துபோகும். ஒளிந்துகொள்ளக் கல் அடுக்கு வேண்டும். கல்லை அடிக் கண்ணாடிமீது வைத்த பிறகே மணல் போடுங்கள். இந்த மீன்கள் மணலைத் தோண்டும், மணல்மேல் வைத்த கல் சரிந்தால் கண்ணாடி போய்விடும். தீனிக்கு ஸ்பைருலினா பாசி கலந்த உருண்டை. இரத்தப்புழுவை அள்ளிக் கொட்டினால் வயிறு ஊதிச் சாகும்.

வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். முதல் நாளே ஒரு தோம்பில் பவளத் துண்டோடு பிடித்து வைத்து, வெதுவெதுப்பாக்கி ஊற்ற வேண்டும். இரவில் மின்சாரம் போனால் தொட்டியைச் சுற்றிப் போர்வை போர்த்துங்கள். கடையிலிருந்து மீன் கொண்டுவரும் பையையும் பொலிஸ்திரின் பெட்டிக்குள் வைத்தே மலையேற்றுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஒருநாள் ஒரு மீன் தீனியைத் தொடாது; தாடை உப்பியிருக்கும். நோயென்று பயப்பட வேண்டாம். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கிறது. மூன்று வாரம்போலப் பட்டினி கிடந்து, பிறகு முழு உருவத்தில் குஞ்சுகளை வெளியே விடும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குஞ்சுகள் பெருகிய பிறகுதான் வேறொரு கேள்வி வரும்: இத்தனையை எங்கே வைப்பது? கால்வாயிலோ ஓடையிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். நாம் குழம்பு வைக்கும் திலாப்பியாவும் ஓர் ஆப்பிரிக்க சிக்லிட்தான். ஜப்பானியர் காலத்தில் மலாயாவுக்குள் வந்து இன்று நாடெங்கும் நிறைந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து வாங்கிய லுவோஹானும் சிக்லிட் கலப்பினமே. மோகம் குறைந்ததும் பலர் அதை ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் விட்டார்கள். மலைக் குளிரில் தானாகச் செத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. இங்கிருந்து ஓடும் தண்ணீர் வெப்பமான சமவெளிக்குத்தான் இறங்குகிறது. மிஞ்சிய குஞ்சுகளைத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கொடுங்கள், அல்லது அடுத்த முறை ஈப்போவுக்கு இறங்கும்போது மீன் கடையில் கேட்டுப் பாருங்கள். சில கடைக்காரர்கள் குஞ்சுகளை வாங்கிக்கொண்டு தீனியாகத் தருவார்கள்.