சக்கரம் இருந்தும் நகர முடியவில்லை!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், குவாடலூப் ஆற்றங்கரையில் உள்ளது இங்கிரம் என்னும் சிற்றூர். கோடை விடுமுறை வந்தால் சக்கரம் வைத்த வீடுகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். "ஆர்.வி." என்று பெயர். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. குடிநீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் மாட்டிவிட்டால் குடித்தனம் தொடங்கிவிடும். வீடு சொந்தம், நிற்கும் இடத்துக்கு மட்டும் வாடகை!

ஆற்றோரத்து இடத்துக்குத்தான் கிராக்கி. ஆபத்தும் அங்கேதான். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள். மேலே மண் குறைவு. பெய்த மழை உறிஞ்சப்படாமல் அப்படியே ஆற்றில் இறங்கிவிடும்.

2025 ஜூலை 4. அமெரிக்க சுதந்திர தினம். விடியுமுன் மழை கொட்டித் தீர்த்தது. இங்கிரத்துக்கு மேலே, ஹன்ட் என்ற இடத்தில் 45 நிமிடத்தில் ஆறு சுமார் 26 அடி உயர்ந்தது. எல்லோரும் நல்ல தூக்கம். இழுவை வீட்டை நகர்த்த வேண்டுமானால் குழாய்களைக் கழற்றி, முட்டுகளை எடுத்து, லாரியில் பூட்ட வேண்டும். இருட்டிலும் மழையிலும் அதற்கு ஏது நேரம்? கனமில்லாத வீடுகள் மிதந்தன. மரங்களில் மோதி நொறுங்கின. அந்த வார வெள்ளத்தில் டெக்சாசில் 130 பேருக்கு மேல் மாண்டனர்.

அப்போது அங்கே ஆற்றோரத்தில் அபாயச் சங்கு இருக்கவில்லை. செலவை நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தார்கள். கீழே கம்போர்ட் என்ற ஊரில் இருந்தது. 1987 வெள்ளத்தில் 10 இளவயதினர் அதன் அருகே பலியானார்கள். 2025-ல் அங்கே சங்கு ஊதியது, ஊரார் தப்பினர்.