ஐந்து இலக்கப் பூட்டு

முசலியில், சிலாவத்துறையிலோ கொண்டச்சியிலோ போன் திருத்தும் கடைக்காரரைக் கேட்டால், இந்தப் பேச்சு அவருக்குப் பழகியதாகத்தான் இருக்கும்: “போன் நல்லாத்தான் இருக்கு, சிம்மத்தான் எடுக்குதில்ல.” வாங்கி அழுத்தினால் திரையில் முதலில் வருவது ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் பெயர். கண்ணாடியில் கீறல் இல்லை, பற்றரி நிற்கிறது, வைஃபை கொடுத்தால் வட்ஸ்அப்பில் கட்டாருக்குக் கதைக்கலாம். கமெராவும் நல்ல தெளிவு. சைலன்டில் போட்டாலும் படமெடுக்கும் சத்தம் மட்டும் நிற்காது. ஒளித்துப் படமெடுப்பதைத் தடுக்க ஜப்பானியக் கம்பெனிகள் தாங்களாகவே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் டயலொக் சிம்மையோ மொபிடெல் சிம்மையோ போட்டவுடன் ஒரு பெட்டி திறந்து, நெட்வேர்க் பூட்டுக்கான இலக்கத்தைக் கேட்கிறது. மேலே ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று நிற்கிறது.

“ஜப்பான் போனுக்கு நம்ம டவர் பிடிக்காது” என்று சொல்லி மூடிவைத்துவிடுவார்கள். சில போன்களில் அது உண்மையும்கூட. அதற்குப் பிறகு வருகிறேன். பெரும்பாலான போன்களில் டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அரிப்பில் கடலோரத்தில் இடிந்துகொண்டிருக்கும் டொரிக் மாளிகையை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டியது. அதைப் பார்க்க வரும் ஜப்பானியப் பயணி ஒருவர் தன் டொகோமோ போனை எடுத்துத் தோக்கியோவுக்குக் கதைக்கிறார் என்று வையுங்கள். ரோமிங்கில் அழைப்பு போகிறது. நம்மூர் டவர் வழியாகத்தான் போகிறது. அதே இடத்தில் நின்றபடி அந்த டொகோமோ சிம்மைக் கழற்றிவிட்டு, அந்த டவரின் சொந்தக்காரக் கம்பெனியின் சிம்மையே போட்டால் போன் மறுக்கிறது. டவர் அதே டவர், போன் அதே போன். மாறியது விரல்நுனி அளவு அட்டை மட்டும்.

ஆக, பூட்டு வானலையில் இல்லை. போன் டவரைப் பார்த்து மறுக்கவில்லை, அட்டையைப் பார்த்து மறுக்கிறது.

அட்டையில் அது என்னத்தைப் பார்க்கிறது? ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு சிறிய கோப்பில், வழக்கமாக 15 இலக்கம் கொண்ட சந்தாதாரர் எண் ஒன்று இருக்கிறது. நாம் பிறருக்குக் கொடுக்கும் 07 என்று தொடங்கும் எண் அல்ல இது. வலையமைப்பு நம்மை அடையாளம் காணும் எண். அதன் முதல் மூன்று இலக்கம் நாடு: இலங்கைக்கு 413, இந்தியாவுக்கு 404, 405, ஜப்பானுக்கு 440, 441. அடுத்த இரண்டு இலக்கம் கம்பெனி: மொபிடெல்லுக்கு 01, டயலொக்குக்கு 02. ஜப்பானில் டொகோமோவுக்கு 10, சொஃப்ட்பாங்குக்கு 20. டொகோமோவில் விற்ற போனின் நினைவகத்தில் 44010 என்று எழுதியிருக்கும். சிம்மைப் போட்டதும் போன் அந்தக் கோப்பை வாசிக்கிறது. 41302 என்று வருகிறது. இரண்டும் பொருந்தவில்லை. முடிந்தது கதை. 112 போன்ற அவசர உதவி எண்களை மட்டும் அழைக்க விடுகிறது. வேறெதற்கும் வாய் திறக்காது.

இதிலுள்ள விந்தை எனக்கு ஒருபோதும் தேய்வதில்லை. சிம்முக்குள்ளே இன்னொரு இரகசியமும் உண்டு: 128 பிட் நீளமுள்ள ஒரு திறவுகோல். எண்ணாக எழுதினால் 39 இலக்கம் வரை நீளும். அது அட்டையை விட்டு ஒருநாளும் வெளியே வராது. கம்பெனி ஒரு புதிர் எண்ணை அனுப்பும். அட்டை அந்தத் திறவுகோலால் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பியனுப்பும். உங்கள் பெயரில் வேறொருவர் கதைத்து உங்கள் காசைத் தின்னாமல் காப்பது இந்தக் கணக்குத்தான். நம் பணத்தைக் காப்பது 39 இலக்கக் கணிதம். நம் போனைக் கட்டிவைத்திருப்பதோ ஐந்து இலக்கத்தை ஒப்பிடும் ஒரேயொரு சோதனை.

அப்படியென்றால் அந்த ஐந்து இலக்கத்தை அழித்து எழுதிவிட்டால் ஆகாதா? ஆகும். பழைய நொக்கியாக் காலத்தில் அதுதான் நடந்தது. சில வரிசைகளில் பூட்டு இலக்கத்தைப் போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயிலிருந்தே ஒரு சூத்திரத்தால் கணித்துவிடலாம். சூத்திரம் வெளியே கசிந்ததும் கடைக்குக் கடை இலக்கம் கிடைத்தது. பிறகு வந்த போன்களில் அந்த நினைவகப் பகுதியைத் தயாரிப்பாளரின் கையொப்பம் காக்கிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் போனுக்குத் தெரிந்துவிடும். பூட்டைத் திறக்கும் இலக்கம் 8 முதல் 16 இலக்கம் வரை இருக்கலாம். தவறாகச் சில தடவைகள் அழுத்தினால் பல போன்கள் கதவை நிரந்தரமாகவே அடைத்துவிடும். கடைக்காரர் சும்மா எண்களை அடித்துப் பார்க்கத் தொடங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஐபோனில் விளையாட்டே வேறு. அதற்கு இலக்கமே கிடையாது. பூட்டா, திறப்பா என்ற முடிவு அப்பிள் கம்பெனியின் சேர்வரில், அந்தப் போனின் ஐஎம்இஐக்கு எதிரே எழுதப்பட்டிருக்கிறது. போனை முதன்முதலில் இயக்கும்போது அது சேர்வரைக் கேட்டு, கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஜப்பானியக் கம்பெனி ‘இதை விட்டுவிடுங்கள்’ என்று அப்பிளுக்குச் சொன்னால் சேர்வரில் அந்த வரி மாறும். அடுத்த முறை கேட்கும்போது போனுக்குப் புதுச் சீட்டு கிடைக்கும். முசலியில் உள்ள போனின் பூட்டு கடல் தாண்டியிருக்கும் ஒரு கணினியில் திறக்கிறது. போனைத் தொடவே தேவையில்லை.

அதனால்தான் நம் கடைகளில் ‘சிப் போட்ட ஐபோன்’ என்று ஒன்று விலைபோகிறது. ஆர்-சிம் என்ற பெயரில் வரும் மெல்லிய சிப் அது. நனோ சிம்மே 0.67 மில்லிமீற்றர் தடிப்புத்தான்; அதன்மேல் ஒட்டினாலும் தட்டுக்குள் போகும் அளவுக்கு மெல்லியது. சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்து இருவரின் பேச்சையும் கேட்கிறது. ‘நீ யார்?’ என்று போன் சோதிக்கும் தருணத்தில், உண்மையான சிம்முக்குப் பதிலாகத் தானே முந்திக்கொண்டு, போன் ஏற்கும் அடையாளத்தைச் சொல்கிறது. ஆனால் அந்தப் பொய்யை டவரிடம் சொல்ல முடியாது. ஜப்பானியச் சிம்மின் 39 இலக்கத் திறவுகோல் அதனிடம் இல்லை. ஆகவே டவரின் புதிர் வரும்போது வழிவிட்டு, நம் டயலொக் சிம்மையே விடை சொல்ல விடுகிறது. போனிடம் ஓர் ஆள், டவரிடம் வேறோர் ஆள். செய்தவன் கெட்டிக்காரன், ஐயமில்லை. ஆனால் திறந்த பூட்டு இல்லை இது. காவலாளியை ஏமாற்றி உள்ளே போயிருக்கிறோம், அவ்வளவுதான். அப்பிள் ஒரு அப்டேட் விட்டதும் சிக்னல் செத்துப்போன ‘சிப்’ போன்கள் எத்தனையோ.

பூட்டைப் போட்டது எதற்கு? ஜப்பானில் கம்பெனிகள் போனை ஏறத்தாழ இலவசமாகக் கொடுத்து, இரண்டு வருடக் கட்டணத்தில் அந்தக் காசை எடுத்துவந்தன. வாடிக்கையாளர் நடுவில் ஓடிவிடாமல் இருக்கப் பூட்டு. அதைக் கழற்ற ஜப்பானிய அரசு நீண்ட காலம் எடுத்தது. 2010இல் உள்விவகார, தொடர்பாடல் அமைச்சு வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டது. கட்டாயம் இல்லை என்பதால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. டொகோமோ 2011 ஏப்ரலுக்குப் பிந்திய தன் மொடல்களைக் கட்டணத்துக்குத் திறந்து கொடுத்தது, ஆனால் ஐபோனை அதில் சேர்க்கவில்லை. 2015 மே மாதத்துக்குப் பிறகு வெளிவந்த போன்களைக் கேட்டால் திறந்தே ஆகவேண்டும் என்றது அடுத்த விதி. 2019இல் கைமாறிய பாவித்த போன்களுக்கும் அந்த உரிமை வந்தது. 2021 ஒக்டோபர் 1 முதல் பூட்டிய போனை விற்பதே பொதுவாகத் தடை.

இந்தத் திகதிகளை வாங்குபவர் மனதில் வைத்திருந்தால் பாதி ஏமாற்றம் குறையும். ஐபோன் 6 வெளிவந்தது 2014 செப்டெம்பரில். அதையும் அதற்கு முந்தியவற்றையும் ஜப்பானியக் கம்பெனிகள் திறந்து கொடுக்கவில்லை. 6எஸ் 2015 செப்டெம்பரில் வந்தது. அதிலிருந்து பின்னாலுள்ளவை திறக்கக்கூடியவை, கம்பெனியின் இணையப் பக்கத்தில் செய்தால் கட்டணமும் இல்லை. ஒரு ரூபாயும் செலவில்லாமல் கிடைக்கும் இந்த உரிமை தெரியாமல், ‘ஐஎம்இஐயை அனுப்பு, காசைப் போடு, திறந்து தருகிறோம்’ என்னும் முகமறியாதவர்களிடம் நம் ஆட்கள் பணத்தைக் கொடுப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

ஏனென்றால் இங்கே போன் வெறும் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இரு தசாப்தம் கழித்து, 2009க்குப் பிறகு மரிச்சுக்கட்டிக்கும் பாலைக்குழிக்கும் கரடிக்குளிக்கும் திரும்பிய குடும்பங்களில் பாதிப்பேர் இன்னும் புத்தளத்தில், உழைக்கிறவர்கள் வளைகுடாவில். உம்மா இங்கே, பிள்ளைகள் அங்கே. குடும்பம் ஒன்றாக இருப்பது போனுக்குள்தான்.

இதே மரிச்சுக்கட்டிக் கரையில் நூறு வருடத்துக்கு முன்பு முத்துச் சிப்பி ஏலம் போனது. குவியலைத் திறக்காமலே விலை கேட்பார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது வாங்கியவன் பாடு. பூட்டைப் பார்க்காமல் ஜப்பான் போன் வாங்குவதும் அப்படித்தான், ஆனால் சிப்பியைப் போலன்றி இதை வாங்குமுன்பே திறந்து பார்க்க வழியிருக்கிறது. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ‘எபவுட்’ பக்கத்தில் ‘கேரியர் லொக்’ என்றொரு வரி உண்டு. சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அதில் இருக்கவேண்டும். மொடல் எண்ணின் முடிவில் ‘ஜே/ஏ’ இருந்தால் ஜப்பானில் விற்றது.

இனி, டவர் பிடிக்காத போன்கள். ஜப்பானின் பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பு பிடிசி என்ற முறையில் ஓடியது. உலகில் வேறெங்கும் அது வேரூன்றவில்லை. அந்தப் போனின் பூட்டை உடைத்தாலும் இங்கே பேச ஆளில்லை. ஏயூ கம்பெனியின் மூன்றாம் தலைமுறையும் நம் முறையிலிருந்து வேறானது. 2022 மார்ச் 31இல் அதை மூடினார்கள். ஏயூவின் பழைய போன்களில் இன்னொரு கொடுமையும் உண்டு: முதலில் போட்ட அட்டையோடு மட்டும் அது பிணைந்துகொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரின் ஏயூ சிம்மைக்கூட ஏற்காது.

புதிய போன்களில் சிக்கல் அலைவரிசை. ஜப்பானிலிருந்து இறக்கிய வான் வண்டியில் ரேடியோவைத் திருப்பியவர்களுக்கு இது தெரியும். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. பல வண்டிகளின் ரேடியோ 90இலேயே நின்றுவிடும். நமக்கோ 88 முதல் 108 வரை. போனிலும் அப்படியே. டொகோமோவும் ஏயூவும் தூர இடங்களுக்கு 800 மெகாஹேர்ட்ஸ் பகுதியை வைத்திருக்கின்றன. நமக்கு அந்த வேலையைச் செய்வது 900. டொகோமோவுக்கென்றே செய்த சில அன்ட்ரொயிட் போன்களில் 900 விடுபட்டிருக்கும். கொழும்பில் 1800இலும் 2100இலும் அது நன்றாக ஓடும். வில்பத்துக் காட்டோரத்தில், டவர்கள் தூரத் தூர நிற்கும் முசலியில்தான் குறை தெரியும். குறைந்த அதிர்வெண் அலைதான் அதிகத் தூரம் வரும், அதையே பிடிக்க இந்தப் போனுக்குக் காது இல்லை. ஐபோன்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒரு குறி. ஜப்பானியக் கம்பெனிகளின் இணையப் பக்கங்களில் ஐஎம்இஐயை இட்டால், போனுக்கு எதிரே வட்டம், முக்கோணம், பெருக்கல் போன்ற ஒரு குறி வரும். வட்டம் என்றால் சிக்கலில்லை. முக்கோணம் என்றால் தவணை இன்னும் முடியவில்லை. பெருக்கல் என்றால் தவணை கட்டாமல் விட்டதோ, களவு போனதோ. ஜப்பானிய வலையமைப்பில் அது இனி வேலை செய்யாது. அப்படிப்பட்டவை மலிவாகக் கப்பலேறுகின்றன. அவற்றின் பூட்டைத் திறக்கும்படி கம்பெனியைக் கேட்டுப் பயனில்லை.

2019இல் கையெழுத்தான விசேட திறன் தொழிலாளர் உடன்படிக்கைக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழி விரிந்திருக்கிறது. சொந்தத்தில் யாராவது அங்கிருந்து போன் வாங்கி வருவதாக இருந்தால், கடையில் நின்றபடியே *#06# அழுத்தி வரும் 15 இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வட்டமா பெருக்கலா என்று இங்கிருந்தே பார்க்கலாம். ‘ஐஎம்இஐ’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் செய்தால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்ற பதிலும் வரும். பூட்டை அவர் அங்கேயே, விமானம் ஏறுமுன், திறந்துவிடட்டும்.