பிளந்த பல்லும் பெயர்ந்த அடைப்பும்



பல்லைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவலாம். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும், ஒரு பல்லைக் காலம் தாழ்த்தி இழந்தவன். மற்றொரு பல்லைக் காலத்தே சென்று காத்துக்கொண்டவன். அவ்விரு பற்களும் எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சில வாரங்கள் அசையாமல் வைத்திருக்கின்றோம், எலும்பு கூடிவிடுகின்றது. தோல் கிழிந்தால் தழும்போடு மூடிக்கொள்கின்றது. பல் மட்டும் அவ்வாறு கூடுவதில்லை. ஏன்? பல்லின் மேற்போர்வையாகிய எனாமல், நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு தாதுப்பொருளே. அதனை ஆக்கிய உயிரணுக்களோ, பல் ஈற்றைப் பிளந்து வெளிவரும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. வீட்டைக் கட்டி முடித்த கொத்தர்கள் ஊரைவிட்டே போய்விட்டது போன்றது இது. பின்னர்ச் சுவரில் விரிசல் கண்டால், பூசுவதற்கு உள்ளே ஆள் இல்லை.

எனாமலுக்கு அடியில் இருப்பது தந்தினி. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் ஆயிரமாயிரம் உள்ளன. அதற்கும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் இருக்கின்றது. எனாமலோடு நின்றுவிடும் மயிரிழைக் கோடுகள் முதியோர் பற்களில் பெரும்பாலும் காணப்படுவனவே. அவற்றால் தீங்கு இல்லை. விரிசல் தந்தினியை எட்டினால்தான் குளிர்ந்த நீர் பட்டவுடன் கூச்சமும், கடிக்கையில் வலியும் தோன்றும். இன்னொரு தனி அடையாளமும் உண்டு: கடிக்கும்போதைவிட, கடித்ததை விடும்போது வலி சுருக்கென்று பாயும். விலகிய பிளவு அப்போது சட்டென்று மூடிக்கொள்வதே அதற்குக் காரணம் என்பர்.

இனி என் கதைக்கு வருகின்றேன். 1984-ஆம் ஆண்டில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்றபோது, கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் சொத்தை கண்டது. வெள்ளி நிறக் கலவையால் அதனை அடைத்தார்கள். அக்கலவையின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலியவை. உறுதியான பொருள்தான், ஆனால் பல்லோடு ஒட்டாது. ஆகவே, வாய் குறுகி அடி அகன்ற குடம்போலப் பல்லைக் குடைந்து, அதனுள் கலவையை அழுத்தி நிறுத்துவார்கள். அவ்வாறு குடையும்போது நல்ல பகுதியும் ஓரளவு போய்விடும். சுற்றியிருக்கும் சுவர் மெலியும். நாள்தோறும் மெல்லும் அழுத்தத்தால் மெலிந்த சுவரில் ஒருநாள் விரிசல் காணும்.

எனக்கு அந்த நாள் 2009-ஆம் ஆண்டில் வந்தது. சோற்றில் கிடந்த சிறு கல்லைக் கடித்தேன். கடித்ததை விட்டபோது மின்னல்போல் ஒரு வலி. அப்போது பொதுத்தேர்வு நெருங்கியிருந்தது. “தேர்வு முடியட்டும்” என்றேன். கிராம்புத் தைலம் தடவினேன், வலி மரத்தது. மறுபக்கத்தால் மென்றேன். மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் சென்றபோது, விரிசல் ஈற்றுக்குக் கீழே இறங்கி, வேர்களுக்கு இடையே பல்லை இரண்டாகப் பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. வீட்டுப்பாடத்தை நாளைக்கு ஒத்திவைத்த மாணவர்களைக் கடிந்த ஆசிரியனுக்கு இது தக்க தண்டனையே! கிராம்பு வலியை அடக்கும். விரிசலை அடைக்காது என்பதை அன்று அறிந்தேன்.

பல்லைக் குடம்போல் குடையாமல் அடைக்க இயலாதா? இதற்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஆய்வு செய்த மைக்கேல் புவோனோகோர். உலோகத்தின்மீது வண்ணம் நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அவர் கருதிப் பார்த்தார். அதே அமிலத்தை எனாமலின்மீது சிறிது நேரம் தடவிக் கழுவினால், அதில் நுண்ணிய பள்ளங்கள் உண்டாகின்றன; பிசின் அவற்றுள் இறங்கி இறுகப் பற்றுகின்றது. இதனை அவர் 1955-இல் வெளியிட்டார்.

இன்று பழுதான அடைப்பை மாற்றும் முறை பின்வருமாறு. முதலில் ஊசிமருந்தால் இடத்தை மரக்கச் செய்வர். நிமிடத்துக்கு மூன்று இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவியால் பழைய அடைப்பை எடுப்பர். அதனோடு நீர் பீச்சுவது எதற்காக? உராய்வின் வெப்பம் பற்கூழைத் தாக்காதிருக்கவே. பின்பு அமிலம் தடவிக் கழுவி, ஒட்டுப்பொருள் பூசி, பல்நிறப் பிசினைச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுக்குவர். இறுகும்போது பிசின் சிறிது சுருங்கும். ஆதலின்தான் இந்த அடுக்குமுறை. இறுதியில் வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து, மேடான இடத்தைத் தேய்த்துச் சமன் செய்வர்.

ஒரு பொருளை இங்கே மறவாதீர்கள். அடைப்பை முழுதும் மாற்றும் ஒவ்வொரு முறையும் பல்லில் இன்னும் சிறிது குறையும். ஆகவே, ஓரத்தில் மட்டும் பழுதிருந்தால் அவ்விடத்தை மட்டும் செப்பனிடுவதே நன்று. உறுதியாக இருக்கும் பழைய வெள்ளிநிற அடைப்பைப் பாதரசத்துக்கு அஞ்சிப் பெயர்க்கவும் பொதுவாகத் தேவையில்லை.

விரிசலுக்கும் அதன் ஆழத்துக்கேற்ற மருத்துவம் உண்டு. சிறு முனை உடைந்தால் பிசின் போதும். சுவர் மெலிந்திருந்தால், வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டை இறுக்குவதுபோல், பல் முழுவதையும் ஓர் உறை பிணைத்துக் காக்கும். மக்கள் இதனைக் ‘கேப்’ என்பர். பற்கூழ் கெட்டுவிட்டால் முதலில் வேர்ச் சிகிச்சை வேண்டும். விரிசல் வேரைப் பிளந்துவிட்டால் பெரும்பாலும் பல் போய்விடும். 2016-இல் என் மற்றொரு பல்லில் அதே வலி தோன்றியது. அந்த வாரமே சென்றேன். உறையிட்ட அப்பல்லால்தான் இன்றும் முறுக்கு மெல்லுகின்றேன்.

விளையாட்டில் உங்கள் முன்பல் உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து ஈரமாக வைத்துக் கொண்டு செல்லுங்கள். பல வேளைகளில் அதனையே ஒட்டிவிடலாம். நிலைப்பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்தெடுத்து, உடனே குழியில் பொருத்துங்கள். இயலாவிடில் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரை அடையுங்கள். பாற்பல்லைத் திரும்பப் பொருத்தலாகாது.

தமிழ் எழுத்துகள் பிறக்கும் இடங்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியம் எண்ணுகின்றது. உண்ணவும் உரைக்கவும் துணையாகும் அப்பல், தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ள வல்லதன்று. வலி என்னும் ஒரே மொழியில் அது நம்மை அழைக்கின்றது. அந்த அழைப்புக்கு “நாளை” என்று நான் விடை சொன்னேன். நீங்கள் “இன்றே” என்று சொல்லுங்கள்.