தானே பின்னிக்கொள்ளும் இழைகள்

கூடையில் பூக்களைக் கொட்டிக் குலுக்கினால் மாலை ஆகிவிடாது. தொடுக்க ஒரு கை வேண்டும். ஆயினும் தொடுப்பார் எவருமின்றித் தாமே கோத்துக்கொள்ளும் நுண்பொருள்கள் உண்டு. அவையே பெப்டைடுகளுள் ஒரு வகை. பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம், அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நீண்ட சரம். பெப்டைடு என்பது அத்தகைய குறுஞ்சரம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், சீனாவில் பிறந்த ஷுகுவாங் ஜாங் என்னும் விஞ்ஞானி, ஈஸ்ட்டிலுள்ள ஒரு புரதத்தை ஆராய்ந்து வந்தார். அதில் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்ப வரும் பகுதி ஒன்றைக் கண்டார். 16 அமினோ அமிலங்கள் கொண்ட அப்பகுதியைச் செயற்கையாகச் செய்து உப்புநீரில் இட்டபோது, வெறுங்கண்ணுக்கே புலப்படும் மெல்லிய சவ்வு உருவாயிற்று. 1993-இல் இச்செய்தி வெளியாயிற்று.

காரணம் யாது? இச்சரத்தின் ஒரு பக்கம் நீரை வெறுக்கும். மறுபக்கம் நீரை விரும்பும். வெறுக்கும் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மறைகின்றன. விரும்பும் பக்கத்திலோ நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் முறையாக அமைந்து, அண்டைச் சரத்தை ஈர்த்துப் பிடிக்கின்றன. இவ்வாறு பிறக்கும் இழையின் பருமன் ஏறக்குறைய 10 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு. இவ்விழைகள் பின்னி நீரைத் தம்முள் தேக்கும்போது, பெரும்பகுதி நீரேயான தெளிந்த கூழ் கிடைக்கின்றது.

இதனால் பயன் என்ன? குடும்பத்தில் ஒருவருக்கு வயிற்றினுள் இரத்தம் கசிகின்றது என்றால் வீடே கலங்கிப் போகும். இவ்வினப் பெப்டைடு ஒன்றைச் சற்றே புளிப்புள்ள கரைசலாக்கி, எண்டோஸ்கோப்பி குழாய் வழியே கசியும் இடத்தில் பூசுகின்றனர். இரத்தம் பட்டதும் அது கூழாக இறுகிக் காயத்தை மூடுகின்றது. கூழ் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால் மருத்துவர் அடியிலுள்ள காயத்தைத் தொடர்ந்து காண முடிகின்றது. விலங்குகளிடமிருந்தோ மனித இரத்தத்திலிருந்தோ எடுக்கப்படாததால், அவற்றின் வழியே நோய் தொற்றும் அச்சமும் இல்லை. உணவுப்பாதையில் ஏற்படும் மிதமான கசிவுகளுக்கு இதனைப் பயன்படுத்த 2021-இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. பீறிட்டுப் பாயும் இரத்தத்தை அடக்க இது போதாது.

2006-இல் மற்றொரு செய்தி வந்தது. மூளையில் பார்வை நரம்புப் பாதை வெட்டப்பட்ட வெள்ளெலிகளுக்கு இக்கரைசலைச் செலுத்தியபோது, நரம்புகள் மீண்டும் வளர்ந்து, பயன்தரும் அளவுக்குப் பார்வை திரும்பிற்று. இதைக் கேட்டு, பார்வையிழந்தோர் இல்லங்களில் அவசர நம்பிக்கை ஊட்டுதல் தகாது. எலிக்குக் கைகூடியது மனிதருக்கும் கைகூடும் என்று கொள்வதற்கில்லை. “குணமாக்குவோம்” என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாமல், தக்க கண் மருத்துவரையே நாடுங்கள்.

எனினும் ஈஸ்ட்டில் கண்ட ஒரு சிறு புதிர், பல ஆண்டுப் பொறுமைக்குப் பின் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்திருக்கின்றது. “இதனால் என்ன பயன்?” என்று நம் பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுக்குமுன், இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.